மின்சாரம் மாறினால் போதாதா? நிகர பூஜ்ஜிய உமிழ்வு பற்றி ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்டது இதுதான்: சூரிய மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவாகிவிட்டது, மின்சாரக் கார்களும் ஸ்கூட்டர்களும் தெருவுக்கு வந்துவிட்டன. அப்படியிருக்க, நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்ட ஐரோப்பிய ஒன்றியம் 2050 என்றும், சீனா 2060 என்றும், இந்தியா 2070 என்றும் தள்ளித் தள்ளி நாள் குறிப்பது ஏன்? எந்தத் துறை எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது? உண்மையிலேயே உமிழ்வு நிற்கப்போகிறதா, அல்லது இது வரவு செலவுப் புத்தகத்தில் நடக்கும் வித்தையா?

சுருக்கமான விடை இது. மின்சாரமும் காரும் இந்த மாற்றத்தின் எளிய பகுதிகள். கடினமான பகுதி எஃகு, சிமென்ட், உரம் ஆகியவற்றில் இருக்கிறது. கணக்கேட்டில் இவை தனித்தனித் துறைகளாக எழுதப்பட்டாலும், நடைமுறையில் ஒன்றின் கழிவை வாங்கி இன்னொன்று பிழைக்கிறது. எனவே ஒன்றைச் சீர்செய்யும்போது மற்றொன்றுக்கு மூலப்பொருள் அறுந்துபோகிறது. இந்தப் பின்னல் பொதுப்பேச்சில் அதிகம் இடம்பெறுவதில்லை என்பதால், பதிலின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் சொல்லின் பொருள். 2015 டிசம்பரில் பாரிஸில் ஏற்கப்பட்ட ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, மனிதச் செயல்களால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களின் அளவும் அவை உள்வாங்கப்படும் அளவும் இந்நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சமமாக வேண்டும் என்கிறது. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால், கரியமில வாயுவைப் பொறுத்தவரை அந்தச் சமநிலை 2050-ஐ ஒட்டி வந்தாக வேண்டும் என்று ஐபிசிசி எனப்படும் பன்னாட்டு அறிவியல் குழு 2018 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது; அதன் பிறகுதான் பெரிய நாடுகள் வரிசையாக ஆண்டுகளை அறிவிக்கத் தொடங்கின. பிரிட்டன் 2019 ஜூனில் அதைச் சட்டமாக்கியது. சீனா 2020 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையிலும், இந்தியா 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டிலும் அறிவித்தன. குறைத்தால் போதாதா, பூஜ்ஜியம் எதற்கு என்ற ஐயம் இயல்பானது. கரியமில வாயு வளிமண்டலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவதால், வெப்பநிலை ஓர் ஆண்டின் உமிழ்வைப் பார்த்து ஏறுவதில்லை. இதுவரை சேர்ந்த மொத்தத்தைப் பார்த்தே ஏறுகிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கிக்கொண்டிருந்தவர் இனி ஐயாயிரம் மட்டும் வாங்குவேன் என்றால், கடன் குறைவதில்லை, வளரும் வேகம்தான் குறைகிறது. இன்று புதைபடிவ எரிபொருளும் சிமென்ட்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை அந்தக் கடனில் ஏற்றுகின்றன.

இனி துறைகளுக்கு வருவோம். 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனில் இரண்டு பெரிய நெருப்புகள் அணைந்தன. ஒன்று, நாட்டிங்காம்ஷயரில் இருந்த ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல்மின் நிலையம். அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் அதுவே. 1882-ல் லண்டனின் ஹோல்பார்ன் வயடக்டில் நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் விற்கத் தொடங்கிய நாடு, 142 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டது. 2012-ல்கூட அங்கே ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் அந்தப் பங்கு ஒன்றுமில்லாமல் போனது. கடலில் நிறுவிய காற்றாலைகளும், இயற்கை எரிவாயுவும், கரிமத்துக்கு அரசு விதித்த விலையும் சேர்ந்து அதைச் செய்தன. வீட்டில் விளக்குப் போட்டவருக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. நிலக்கரியிலிருந்து வந்த மின்சாரமும் காற்றிலிருந்து வந்த மின்சாரமும் கம்பியில் ஏறிய பிறகு ஒன்றுதான். மின்துறை மற்ற துறைகளை முந்திக்கொண்டு ஓடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

அதே நாளில், வேல்ஸின் போர்ட் டால்பட் நகரில் டாடா ஸ்டீல் நிறுவனத்தின் நான்காம் எண் ஊது உலை, அதாவது கரியைக் கொண்டு தாதுவிலிருந்து இரும்பை எடுக்கும் உலை, அணைக்கப்பட்டது. அந்த ஆலையின் கடைசி ஊது உலை அது. அதனிடத்தில் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை ஒன்று, 125 கோடி பவுண்ட் செலவில், அரசின் 50 கோடி பவுண்ட் உதவியோடு எழும்புகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். புதிய உலை எரியத் தொடங்கும்வரை, வெளிநாடுகளில் வார்க்கப்பட்ட எஃகுப் பாளங்களைக் கப்பலில் வரவழைத்தே அங்குள்ள உருட்டாலைகள் ஓட்டப்படுகின்றன. பிரிட்டனின் உமிழ்வுக் கணக்கில் ஒரு பெரிய எண் குறைந்தது உண்மை. அந்தப் பாளங்களுக்கான கரி வேறொரு நாட்டின் கணக்கில் எரிந்ததும் உண்மை.

இதற்குப் பத்து நாள் முன்னர், செப்டம்பர் 20 அன்று, அதே நிறுவனம் ஒடிசாவின் கலிங்காநகரில் இந்தியாவின் மிகப் பெரிய ஊது உலையை ஏற்றியது. அதன் கொள்ளளவு 5,870 கன மீட்டர். ஒரு கையால் அணைத்து மறு கையால் மூட்டுவது வெளிப்பார்வைக்கு இரட்டை வேடமாகத் தெரியும். ஆனால் அப்படி ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பழைய இரும்பை உருக்க வேண்டுமானால் பழைய இரும்பு இருக்க வேண்டும். ஒன்றரை நூற்றாண்டாக ரயில் பாதைகளும் பாலங்களும் கார்களும் கட்டிக் குவித்த பிரிட்டன், தன் தேவைக்கு மேற்பட்ட உடைசலை வெளிநாடுகளுக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. இந்தியாவிலோ இன்று பயன்பாட்டில் உள்ள எஃகின் பெரும்பகுதி அண்மை ஆண்டுகளில் வார்க்கப்பட்டது. அது உடைசலாகக் கடைக்குத் திரும்ப இன்னும் சில பத்தாண்டுகள் ஆகும். 2017-ன் தேசிய எஃகுக் கொள்கை 2030-31-க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறனை இலக்காக வைத்திருக்கிறது. பழைய இரும்புக் கடையை மட்டும் நம்பி அந்த அளவை எட்ட முடியாது. தாதுவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

தாதுவிலிருந்து எடுப்பதில்தான் வேதியியல் குறுக்கே நிற்கிறது. ஊது உலைக்குள் போடப்படும் கற்கரி (நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்) வெறும் எரிபொருள் அன்று. இரும்புத் தாது என்பது ஆக்சிஜனோடு கட்டுண்ட இரும்பு. அந்த ஆக்சிஜனைப் பிய்த்தெடுப்பது கரியிலிருந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. வேலை முடிந்ததும் அது கரியமில வாயுவாக வெளியேறுகிறது. போதாததற்கு, மேலிருந்து கொட்டப்படும் தாதுவின் எடையைத் தாங்கி நின்று, இடையே காற்றுப் போக வழிவிடுவதும் அதே கற்கரிதான். ஆகவே வெப்பத்தை மின்சாரத்தால் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்ற கணக்கு இங்கே செல்லாது. இந்த வழியில் செய்த ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியாகிறது. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டன் எஃகு செய்கிறது, அதில் பெரும்பகுதி ஊது உலை வழியே வருகிறது.

கரியின் இடத்தில் ஹைட்ரஜனை வைக்கலாம். அப்போது ஆக்சிஜன் நீராவியாக வெளியேறும். சுவீடனின் வடக்கே லூலியோ நகரில் எஃகு நிறுவனமான எஸ்எஸ்ஏபி, சுரங்க நிறுவனமான எல்கேஏபி, மின் நிறுவனமான வாட்டன்ஃபால் ஆகிய மூன்றும் சேர்ந்து ஹைபிரிட் என்ற பெயரில் 2020-ல் ஒரு சோதனை ஆலையைத் தொடங்கி, 2021 ஆகஸ்டில் அப்படிச் செய்த எஃகை வால்வோ நிறுவனத்துக்கு முதன்முதலாக அனுப்பின. செய்ய முடியுமா என்ற கேள்வி அத்துடன் முடிந்துவிட்டது. என்ன விலைக்கு என்பதுதான் மிச்சம். ஒரு டன் எஃகுக்குச் சுமார் 50 முதல் 55 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து மின்னாற்பகுப்பால் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். உருக்கும் வேலையையும் சேர்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 3,500 யூனிட் ஆகிறது. இந்தியா 2024-ல் செய்த சுமார் 15 கோடி டன் எஃகையும் இந்த வழியில் செய்வதாக வைத்துக்கொண்டால், 52,000 கோடி யூனிட்டுக்கு மேல் தேவைப்படும். நாட்டின் ஆண்டு மின் உற்பத்தியே 1,80,000 கோடி யூனிட் அளவில்தான் இருக்கிறது. அதில் கால் பங்குக்கும் மேலானதை, அதுவும் கரியில்லா மின்சாரமாக, ஒரே ஒரு தொழிலுக்குக் கொடுக்க வேண்டும். நீர்மின்சாரம் பெருகிக் கிடக்கும் வடக்குச் சுவீடனில் கூடிவரும் கணக்கு, மற்ற இடங்களில் எளிதில் கூடிவருவதில்லை. 2025 ஜூனில் ஆர்சலர்மிட்டல் நிறுவனம் ஜெர்மனியின் ப்ரெமன், ஐசன்ஹூட்டன்ஸ்டாட் ஆலைகளை இப்படி மாற்றும் திட்டத்தைக் கைவிட்டது. அரசு தருவதாகச் சொன்ன 130 கோடி யூரோ மானியமும் மின்சார விலையை ஈடுகட்டப் போதவில்லை.

சிமென்ட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் பிடிவாதமானது. சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ அடுக்கிச் சுட்டால், உள்ளே போன எடையைவிட வெளியே வரும் சுண்ணாம்பின் எடை மிகவும் குறைந்திருக்கும். ஈரம் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். உண்மையில் போனது கல்லுக்குள் இருந்த கரியமில வாயு. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். சிமென்ட் ஆலையின் 1,450 டிகிரிச் சூளையிலும் நடப்பது இதுதான். அதன் உமிழ்வில் ஏறக்குறைய 60 விழுக்காடு கல்லிலிருந்தே வருகிறது. எரிபொருளின் பங்கு மீதி மட்டுமே. நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய மின்சாரத்தால் சூளையைச் சூடாக்கினாலும் அந்த 60 விழுக்காடு அசையாது. அரியலூர்ச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் கல், டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளையும் உள்ளே வைத்துக்கொண்டு படிந்தது. அன்று கடல் பூட்டிவைத்த கரிமத்தை இன்று சூளை திறந்துவிடுகிறது. ஒரு சிறு ஆறுதல் உண்டு. நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை இறுகும்போது, இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. இன்றைய கான்கிரீட்டும் அதைச் செய்கிறது. ஆனால் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு, ஓரளவுக்கு மட்டும்.

உலகக் கரியமில வாயு உமிழ்வில் சிமென்ட்டின் பங்கு 7 முதல் 8 விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. அதைக் குறைக்க இதுவரை பெரிதும் பயன்பட்டுவந்த உத்தி, சூளையில் சுட்டெடுத்த கிளிங்கர் என்ற கட்டிகளின் அளவைக் குறைத்து வேறொன்றைக் கலப்பது. கடையில் பிபிசி (PPC) என்று விற்கும் சிமென்ட் மூட்டையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்திருக்கிறது. பிஎஸ்சி (PSC) என்ற மூட்டையில் ஊது உலையின் கசடு கலந்திருக்கிறது. நான் முதலில் சொன்ன பின்னல் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ராட்கிளிஃப் மூடியபோது சாம்பல் நின்றது; போர்ட் டால்பட் அணைந்தபோது கசடு நின்றது. மின்துறையும் எஃகுத்துறையும் தங்கள் கணக்கைச் சுத்தமாக்கிக்கொள்ளும் அளவுக்கு, சிமென்ட்துறை தன் கணக்கைக் குறைத்துக்காட்ட உதவிய பொருட்கள் சந்தையிலிருந்து மறைகின்றன. இந்தியாவில் இன்னும் நெடுங்காலத்துக்குச் சாம்பலுக்குப் பஞ்சம் வராது. ஆனால் நிகர பூஜ்ஜியம் என்று ஒரு நாள் உண்மையிலேயே வருமானால், அந்த நாளில் சாம்பலும் இருக்காது, கற்கரி உலைக் கசடும் இருக்காது. துறைவாரியாகப் பாதை வரையும் பல அறிக்கைகள் மின்துறை அத்தியாயத்தில் நிலக்கரியை மூடிவிட்டு, சிமென்ட் அத்தியாயத்தில் அதன் சாம்பலைத் தாராளமாகக் கலப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இதற்கு மாற்றாக எனக்கு நம்பிக்கை தரும் ஒன்று எல்சி3 எனப்படும் கலவை. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனம், கியூபாவின் ஆய்வாளர்கள், சென்னை ஐஐடி உள்ளிட்ட இந்தியக் கல்விக்கூடங்கள் ஆகியோரின் கூட்டு ஆய்வில் வளர்ந்தது அது. கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் 30 விழுக்காடு, சுடாத சுண்ணாம்புக் கல் தூள் 15 விழுக்காடு, ஜிப்சம் 5 விழுக்காடு என்பது அதன் பொதுவான அளவு. களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். சுடும்போது அதிலிருந்து நீர்தான் வெளியேறும். உமிழ்வு 30 முதல் 40 விழுக்காடு குறைகிறது. சாதாரணக் களிமண் உலகெங்கும் கிடைப்பது. வேறெந்த ஆலையின் கழிவையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்பதே இதன் தனிச்சிறப்பு.

மீதிப் பாதிக் கிளிங்கருக்கு, வரும் வாயுவைப் பிடித்துப் புதைப்பதைத் தவிர இன்றைக்குப் பெரிய அளவில் வேறு வழி இல்லை. நார்வேயின் ப்ரேவிக் நகரில் ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் சிமென்ட் ஆலையில் 2025 ஜூனில் அப்படியொரு அமைப்பு முறைப்படி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது அந்த ஆலையின் உமிழ்வில் ஏறத்தாழ பாதி, பிரித்தெடுக்கப்பட்டு, திரவமாக்கப்பட்டு, கப்பலில் மேற்குக் கரைக்குப் போய், கடலடித் தரைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்துப் பாறைக்குள் செலுத்தப்படுகிறது. செலவின் பெரும்பங்கை நார்வே அரசு ஏற்றது. எண்ணெயும் எரிவாயுவும் தோண்டி விற்ற பணத்தில்தான் அது முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

உரத்தில் முடிச்சு வேறு விதமானது. யூரியா மூலக்கூற்றுக்குள்ளேயே கரிமம் இருக்கிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து அம்மோனியா செய்யும்போது கரியமில வாயு உபரியாகக் கிடைக்கிறது. அதே ஆலையில் அந்த வாயுவை அம்மோனியாவோடு சேர்த்து யூரியா ஆக்குகிறார்கள். ஒரு டன் யூரியாவுக்கு முக்கால் டன் அளவுக்குக் கரியமில வாயு தேவை. வயலில் தூவிய பிறகு அது அப்படியே காற்றுக்குத் திரும்புகிறது. நாளை சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துப் பசுமை அம்மோனியா செய்யத் தொடங்கினால், யூரியா செய்ய வேண்டிய கரியமில வாயு அங்கே கிடைக்காது! ஆண்டுக்கு 3.5 கோடி டன் அளவில் யூரியா பயன்படுத்தும் இந்தியாவுக்கு இது சிறிய சிக்கல் அன்று. ஒன்று, உழவர்கள் கரிமமில்லாத வேறு தழைச்சத்து (நைட்ரஜன்) உரங்களுக்கு மாற வேண்டும். அல்லது அந்த வாயுவைச் சிமென்ட் ஆலை போன்ற ஓரிடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். மண்ணில் மிஞ்சும் தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாக மாறி வெளியேறுவது இதற்கு மேல். நூறாண்டுக் கணக்கில் அது எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மணிச்சத்து உரங்களுக்கு வேண்டிய கந்தக அமிலத்தின் கதையும் இதை ஒத்ததே. உலகக் கந்தகத்தின் பெரும்பகுதி இன்று பெட்ரோலிய, எரிவாயுச் சுத்திகரிப்பின் உபரி. சுத்திகரிப்பு ஆலைகள் சுருங்கினால் கந்தகத்தை மீண்டும் சுரங்கத்திலிருந்து எடுக்க வேண்டிவரலாம்.

இவற்றை வைத்துப் பார்த்தால் மற்ற துறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். மின்துறையில் சூரியத் தகட்டின் விலை 2010-களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாக வீழ்ந்தது. சீனா 2024-ல் மட்டும் 270 கிகாவாட்டுக்கு மேல் புதிதாக நிறுவியது. மின்துறையில் எஞ்சியிருக்கும் வேலை, மாலை ஆறரை மணிக்கு மேல் என்ன செய்வது என்பது. இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி 2025-ன் நடுவில் புதைபடிவமல்லாத ஆதாரங்களுக்கு மாறிவிட்டது. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. திறன் வேறு, உற்பத்தி வேறு என்பதைத் தமிழ்நாட்டில் விளக்கத் தேவையில்லை. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் முழுமூச்சில் சுழல்வதையும், ஐப்பசியில் அவை சும்மா நிற்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் இறக்கும் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட் திறனோடு 1980-களின் இறுதியிலிருந்தே ஆனைமலையில் இருக்கிறது. இன்று உலகம் தேடுவது அந்தப் பழைய உத்தியையும், விலை சரிந்துவரும் மின்கலங்களையும்தான். சர்வதேச எரிசக்தி முகமை 2021-ல் வரைந்த பாதையில், 2050-க்குத் தேவையான குறைப்பில் ஏறத்தாழ பாதி, அன்று சந்தைக்கே வராத தொழில்நுட்பங்களை நம்பியிருந்தது. 2023-ல் அந்த அளவு 35 விழுக்காடாகக் குறைந்ததற்கு மின்கலங்களின் முன்னேற்றமும் ஒரு காரணம்.

சாலையில் மாற்றம் உறுதியாகிவிட்டது. நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள். சீனாவில் செருகி மின்னேற்றும் கலப்பு வகைகளையும் சேர்த்து ஏறத்தாழ பாதி. கடலும் வானும் அப்படியல்ல. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2050-ஐ ஒட்டி நிகர பூஜ்ஜியம் என்று 2023-ல் ஒத்துக்கொண்டது. அதற்கான கட்டணத்தை உள்ளடக்கிய விதிகளை ஏற்கும் வாக்கெடுப்பு 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. விமானங்களில் மாற்று எரிபொருள் 2024-ல் மொத்த எரிபொருளில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மின்கலத்தின் எடையைச் சுமந்துகொண்டு சென்னையிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானத்தை யாரும் நெருங்கிய காலத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

வேளாண்மையில், நமக்கு நேரடியாகப் பழக்கமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீர் தேங்கிய நெல் வயலில் காற்றுப் புகாத சேற்று நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது என்று சொல்வதைப் பன்னாட்டு ஆய்வாளர்கள் இன்று முக்கியமான தணிப்பு முறையாக எண்ணுகிறார்கள். முறையாகச் செய்தால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்கும், விளைச்சல் பெரிதாகக் குறையாது. ஆனால் நினைத்த நாளில் தண்ணீர் வரும் என்ற உறுதி இருந்தால்தான் வயலைக் காயவிடும் துணிச்சல் வரும். முறைப்பாசனத்தில் கடைமடையில் இருப்பவர், கிடைத்த தண்ணீரைத் தேக்கிவைக்காமல் விடச் சொன்னால் கேட்கமாட்டார். அவர் நிலையில் அதுவே சரி. இங்கே உமிழ்வைத் தீர்மானிப்பது வாய்க்கால் நிர்வாகம்.

இனி, கணக்கு வித்தையா என்ற கடைசிக் கேள்வி. ‘நிகர’ என்ற சொல்லுக்குள் ஏமாற்ற இடம் இருக்கிறது. சிமென்ட், விமானம், நெல், கால்நடை ஆகியவற்றில் எவ்வளவு முயன்றாலும் ஒரு மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை ஈடுகட்டக் காற்றிலிருந்து வாயுவைத் திரும்ப எடுப்பது நேர்மையான பயன்பாடு. குறைக்கக்கூடியதைக் குறைக்காமல், எங்கோ மரம் நட்டதாகச் சான்றிதழ் வாங்கிக் கழித்துக்கொள்வது வேறு. மரத்தில் சேர்ந்த கரிமம் ஒரு காட்டுத்தீயில் திரும்பிவிடும். நிலக்கரியாகப் பூமிக்குள் இருந்தது பல கோடி ஆண்டுகள் அங்கேயே இருந்தது. இரண்டையும் ஒரே எடைக்கல்லில் நிறுப்பது தவறு. பிடித்துப் பயன்படுத்துவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016 முதல் தன் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு செய்தது. உலக அளவில் கவனம் பெற்ற, திறமையான வேலை அது. ஆயினும் அந்த உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வெளியேறும். பயன்படுத்துவது புதைப்பதற்கு ஈடாகாது. நேரடியாகக் காற்றிலிருந்து பிடிக்கும் ஆலைகளில் பெயர்பெற்றது, ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2024 மே மாதத்தில் தொடங்கிய மாமத். முழுத் திறனில் ஆண்டுக்கு 36,000 டன் பிடிக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. மேலே சொன்ன 3,700 கோடி டன்னோடு வகுத்துப் பார்த்தால், அந்த ஆலையின் ஓராண்டு உழைப்பு உலகின் அரை நிமிட உமிழ்வுக்குச் சமம்.

நாள் ஏன் தள்ளித் தள்ளிக் குறிக்கப்படுகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தலைக்கு ஆண்டுக்கு 14 டன் அளவில் கரியமில வாயு உமிழும் அமெரிக்காவும், 2 டன் அளவில் உமிழும் இந்தியாவும் ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்று கேட்பது முறையன்று என்ற வாதம் வலுவானது. ஆனால் 2070 என்ற ஆண்டை வைத்துக்கொண்டு அதுவரை பொறுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் எஃகு, சிமென்ட், அலுமினியம், உரம் முதலிய இறக்குமதிகளுக்குள் மறைந்திருக்கும் கரிமத்துக்கு எல்லையிலேயே விலை விதிக்கும் முறையை நடைமுறைப்படுத்துகிறது. போர்ட் டால்பட்டைப் போல உலையை இடம் மாற்றிக் கணக்கைக் குறைத்துக்கொள்ளும் பாதையை அடைப்பதே அதன் நோக்கம் என்றாலும், செலவு ஏற்றுமதி செய்யும் ஏழை நாடுகளின் தலையில் விழுகிறது என்ற இந்தியாவின் மறுப்பிலும் உண்மை இருக்கிறது. இந்தியா தன் பங்குக்கு 2023-ல் கரிம வரவு (கார்பன் கிரெடிட்) வணிகத் திட்டத்தை அறிவித்து, ஆலைவாரியாக உமிழ்வுச் செறிவுக்கு, அதாவது ஒரு டன் உற்பத்திக்கு ஆகும் உமிழ்வுக்கு, இலக்கு வைக்கத் தொடங்கியிருக்கிறது.

ஊது உலையின் உட்சுவர்ச் செங்கற்கள் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் தாங்கும். பிறகு உலையை அணைத்து, உள்ளே முழுவதும் புதிதாகக் கட்ட வேண்டும். பெருஞ்செலவான அந்த வேலையைச் செய்துவிட்டால், போட்ட பணத்தை எடுக்க உலையை மேலும் ஒரு தலைமுறை ஓட்டியே ஆக வேண்டும். கலிங்காநகர் உலைக்கு அந்தத் தவணை 2040-ஐ ஒட்டி வரும். அப்போது மறுபடி செங்கல் அடுக்கப்படுமா, அல்லது ஹைட்ரஜன் ஏற்கும் வேறொரு உலை எழுமா என்பது, 2070-ல் எடுக்கப்படும் முடிவு அல்ல. ஒடிசாவில் அந்த நேரத்துக்குள் யூனிட் என்ன விலைக்கு, இரவும் பகலும் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பார்த்து அந்த ஆலையின் நிதிப் பிரிவு எடுக்கப்போகும் முடிவு.